ஹெல்முட் ஷ்மிட்: 1977-இல் அவர் எடுத்த முடிவு சரிதானா?

இளவேனில்:

வணக்கம். போருக்குப் பிந்தைய ஜெர்மனி என்று பேச்சு வந்தால் அடெனாவர், வில்லி பிராண்ட், ஹெல்முட் கோல் என்று மூன்று பேரோடு நின்றுவிடுகிறோம். பிராண்டுக்கும் கோலுக்கும் நடுவில், 1974 மே முதல் 1982 அக்டோபர் வரை மேற்கு ஜெர்மனியின் சான்சலராக இருந்தவர் ஹெல்முட் ஷ்மிட். அவரைப் பற்றி நாம் பேசுவது குறைவு. எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. அதற்குக் காரணமான ஒரு நிகழ்வை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.

1977 செப்டம்பர் 5. கொலோன் நகரில் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையர் மாலையில் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஜெர்மன் முதலாளிகள் சங்கத்தின் தலைவர் அவர். செம்படைப் பிரிவு என்ற ஆயுதக் குழு வழியை மறித்துச் சுட்டது. ஓட்டுநரும் காவலுக்கு வந்த மூன்று போலீஸ்காரர்களும் அங்கேயே செத்தார்கள். ஷ்லையரை உயிரோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சிறையில் இருக்கும் எங்கள் ஆட்கள் 11 பேரை விடு, இல்லாவிட்டால் இவரைக் கொல்வோம் என்றார்கள்.

ஷ்மிட் தொடக்கத்திலேயே மூன்று இலக்குகளை வகுத்துக்கொண்டார். ஷ்லையரை உயிரோடு மீட்க வேண்டும். கடத்தியவர்களைப் பிடிக்க வேண்டும். அரசு செயலிழந்து போகக் கூடாது, அதாவது கைதிகளை விடக் கூடாது. மூன்றும் ஒன்றாக நடக்க வாய்ப்பு குறைவு என்பது அவருக்கும் தெரியும், அவரோடு ஆலோசனையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அக்டோபர் 13-ஆம் தேதி, மயோர்க்கா தீவிலிருந்து பிராங்பர்ட்டுக்குக் கிளம்பிய 'லான்ட்ஸ்ஹூட்' என்ற லுஃப்தான்சா விமானத்தைப் பாலஸ்தீனக் குழு ஒன்று கடத்தியது. கோரிக்கை அதே கைதிகளின் விடுதலைதான். விமானம் ரோம், லார்னகா, பஹ்ரைன், துபாய் என்று அலைந்து ஏடனில் இறங்கியது. அங்கே விமானி யூர்கன் ஷூமனைப் பயணிகள் கண்முன்னே சுட்டுக் கொன்றார்கள். துணை விமானிதான் மொகதிஷு வரை ஓட்டிப் போனார். அக்டோபர் 18 நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடத்தில் ஜெர்மன் எல்லைக் காவல் படையின் ஜிஎஸ்ஜி 9 பிரிவு உள்ளே புகுந்தது. விமானத்தில் மிச்சமிருந்த 86 பேரும் உயிரோடு வந்தார்கள்.

அன்று காலையில் ஸ்டாம்ஹைம் சிறையில் இருந்த செம்படைப் பிரிவுத் தலைவர்கள் பாடர், என்ஸ்லின், ராஸ்பே மூவரின் சாவு தெரியவந்தது. ஷ்லையரைக் கடத்தியவர்கள் அவரைக் கொன்றார்கள். மறுநாள் பிரான்சில் மியூலூஸ் நகரில் ஒரு ஆடி காரின் பின்பெட்டியில் அவருடைய உடல் கிடைத்தது.

மொகதிஷு முயற்சி தோற்றால் பதவி விலகுவது என்று ஷ்மிட் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். வென்ற பிறகும் அவர் மார்தட்டவில்லை. அக்டோபர் 20-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அவர் பேசியதன் சாரம் இது: எப்படி நடந்துகொண்டாலும் தவறும் குற்றமும் தன்மேல் படியும் என்று தெரிந்தவன், எல்லாம் சரியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டான். ஒரு ஆட்சித் தலைவர் வெற்றி பெற்ற வாரத்தில் இப்படிப் பேசியதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவர் செய்தது சரி என்பது என் கருத்து.

செங்கதிர்:

நல்ல தொடக்கம் இளவேனில். ஆனால் ஒரு கேள்வியை நேரடியாகக் கேட்கிறேன். ஷ்லையரின் உயிரை விலையாகக் கொடுக்க ஷ்மிட்டுக்கு யார் உரிமை கொடுத்தது?

இரண்டு ஆண்டுக்கு முன்னால், 1975 பிப்ரவரியில், மேற்கு பெர்லின் மேயர் தேர்தலில் நின்ற பீட்டர் லோரென்ஸைக் கடத்தினார்கள். அப்போது இதே ஷ்மிட் அரசு கைதிகளை விட்டது. ஐந்து பேரை விமானத்தில் ஏற்றி ஏடனுக்கு அனுப்பி வைத்தார்கள். லோரென்ஸ் பிழைத்தார். ஆளைப் பொறுத்து, நேரத்தைப் பொறுத்து உயிருக்கு மதிப்பு மாறுமா?

ஷ்லையரை நான் கொண்டாடவில்லை. அவர் ஹிட்லரின் எஸ்எஸ் படையில் அதிகாரியாக இருந்தவர், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பிராகில் வேலை பார்த்தவர். அதற்காக அவரைக் கொன்றது நியாயமாகிவிடாது. ஒரு குடிமகன் என்ற முறையில் அவர் உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு இருந்தது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

பொன்னி:

செங்கதிர், லோரென்ஸ் விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். விடுதலையான ஐந்து பேரில் சிலர் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள். அந்த முடிவு எடுத்த நாட்களில் ஷ்மிட் காய்ச்சலில் கிடந்தார், பின்னாளில் அதைத் தவறு என்றே சொன்னார். லோரென்ஸ் வீடு திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 24-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் ஜெர்மன் தூதரகத்தைப் பிடித்து 26 கைதிகளை விடச் சொன்னார்கள். ஒரு முறை கொடுத்தால் அடுத்த முறை கேட்பது கூடும் என்பதை அவர் அங்கேதான் பார்த்தார். ஸ்டாக்ஹோமில் மறுத்தார். இரண்டு தூதரக அதிகாரிகளைக் கொன்றார்கள். ஆக 1977 செப்டம்பரில் அவர் புதிதாக எதையும் முடிவு செய்யவில்லை. 1975 ஏப்ரலிலேயே எடுத்த முடிவில் நின்றார்.

'யார் உரிமை கொடுத்தது' என்ற கேள்வியை ஷ்லையர் குடும்பமே கேட்டது. கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கைதிகளை விடும்படி அரசுக்கு ஆணையிடுங்கள் என்றார்கள். அக்டோபர் 16-ஆம் தேதி, விமானம் இன்னும் கடத்தல்காரர்கள் கையில் இருந்தபோதே, தீர்ப்பு வந்தது. உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. ஆனால் அந்தக் கடமை ஒருவருக்கு மட்டும் உரியதல்ல, எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. எந்த வழியில் காப்பது என்பதை அரசுதான் முடிவு செய்ய வேண்டும். நீதிமன்றம் ஒரே வழியை விதித்துவிட்டால் அரசு என்ன செய்யும் என்பது பயங்கரவாதிகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இதுதான் சாரம்.

ஒரு மகன் தன் அப்பாவுக்காக நீதிமன்றப் படியேறி, முடியாது என்று கேட்டுத் திரும்பிய தீர்ப்பு அது. சட்டப்படி சரி என்று நினைக்கிறேன். படிக்கும்போது நெஞ்சு கனக்காமல் இருக்காது.

கூடல்வாசி:

இன்னொரு செய்தியும் சேர்க்க வேண்டும். ஷ்லையரை முதல் நாட்களில் அடைத்து வைத்திருந்த இடம் கொலோனுக்குப் பக்கத்தில் எர்ஃப்ட்ஷ்டாட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த வீட்டின் மேல் சந்தேகம் என்று உள்ளூர் போலீசிடமிருந்து தகவல் போனது. மேலே போகும் வழியில் அது தொலைந்தே போனது. யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை.

ஷ்மிட்டின் முதல் இலக்கு, ஷ்லையரை உயிரோடு மீட்பது, நடந்திருக்கக்கூடியதுதான் என்பதற்கு இது சாட்சி. கைதிகளை விட மறுத்ததால் மட்டும் அவர் சாகவில்லை. அலுவலகங்களுக்குள் ஒரு துண்டுக் காகிதம் சேர வேண்டிய இடத்தில் சேராததாலும் செத்தார். இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

நெய்தல்நிலா:

நான் ஹாம்பர்க்கில் இருக்கிறேன். இங்கே ஷ்மிட் என்றால் வயதானவர்கள் முதலில் 1977-ஐச் சொல்வதில்லை. 1962 வெள்ளத்தைத்தான் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொண்டால் 77-இல் அவர் நடந்துகொண்ட விதம் இன்னும் நன்றாகப் புரியும்.

1962 பிப்ரவரி 16 இரவு. வடகடலில் எழுந்த புயல் எல்பே ஆற்றுக்குள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. சாங்க்ட் பவுலி அளவுகோலில் நீர்மட்டம் 5.70 மீட்டர். கரைகள் பல இடங்களில் உடைந்தன. மிகவும் அடிபட்டது வில்ஹெம்ஸ்பர்க். ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே இருக்கும் தீவு அது. போரில் குண்டு விழுந்து வீடிழந்தவர்கள் பலர் அங்கே தோட்டக் குடிசைகளில் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பலகையும் தகரமுமாகப் போட்ட சின்ன வீடுகள். தூக்கத்தில் தண்ணீர் வந்தது. இரவு உடையோடு கூரையேறி, உறையும் குளிரில் விடியும் வரை உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரில் போனவர்களும் உண்டு, குளிரிலேயே விறைத்துப் போனவர்களும் உண்டு. ஹாம்பர்க்கில் மட்டும் 315 பேர் இறந்தார்கள்.

ஷ்மிட் அப்போது நகர அரசில் போலீஸ் துறைக்குப் பொறுப்பான செனட்டர். பதவிக்கு வந்து சில வாரங்கள்தான். வயது 43. அன்று பெர்லினில் ஒரு மாநாடு முடிந்து இரவு தாமதமாக வீடு வந்தவர், விடிவதற்குள் போலீஸ் தலைமையகத்தில் இருந்தார். ராணுவத்தையும் நேட்டோ நாடுகளின் ஹெலிகாப்டர்களையும் வரவழைத்தார். பாதுகாப்புக் கொள்கையில் ஈடுபாடு கொண்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காலத்திலேயே தளபதிகளோடு அவருக்குப் பழக்கம் இருந்தது, நேராகப் பேசினார். உள்நாட்டில் ராணுவத்தை இறக்க அன்றைய அடிப்படைச் சட்டத்தில் (ஜெர்மனியின் அரசமைப்பு அதுதான்) தெளிவான இடம் கிடையாது. அந்த நாட்களில் சட்டப் புத்தகத்தைப் பார்க்கவில்லை என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பேரிடரில் ராணுவத்தைப் பயன்படுத்தலாம் என்ற திருத்தம் 1968-இல்தான் வந்தது.

கூடல்வாசி:

நெய்தல்நிலா, ஹாம்பர்க்காரர்களுக்கு அவர்மேல் உள்ள பாசம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்தக் கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கிறது. ஷ்மிட் தலைமையகத்துக்கு வரும் முன்பே மீட்பு வேலை தொடங்கிவிட்டது, ராணுவ வீரர்களும் ஏற்கனவே இறங்கியிருந்தார்கள் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தனி ஒருவர் வந்து நகரத்தைக் காப்பாற்றினார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சிதறிக் கிடந்த வேலையை ஒரே கையில் எடுத்து ஒழுங்குபடுத்தினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதுவே பெரிய காரியம்.

செங்கதிர்:

நான் சொல்ல வந்ததும் இங்கேதான் வருகிறது. 1962-இல் சட்டத்தைப் பார்க்காமல் உயிர்களைக் காப்பாற்றினார், சரி. அதே மனப்பாங்கு 1977-இல் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

ஷ்லையர் கடத்தப்பட்டவுடனே சிறையில் இருந்தவர்களுக்கும் வெளியாருக்கும், அவர்களுடைய வழக்கறிஞர்களுக்கும்கூட, தொடர்பு துண்டிக்கப்பட்டது. அப்போது அதற்கு ஒழுங்கான சட்டம் இல்லை. செய்துவிட்டு, பிறகு அவசர அவசரமாகச் சட்டம் கொண்டு வந்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. கைது செய்யப்பட்டவர் தன் வழக்கறிஞரைப் பார்க்கவே முடியாது என்றால் அது எப்படி நீதி?

அப்புறம் கடத்தலைக் கையாள ஷ்மிட் கூட்டிய நெருக்கடிக் குழு. எதிர்க்கட்சித் தலைவர்கள் கோல், ஷ்ட்ராவுஸ் எல்லாரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்க ஒற்றுமை போலத் தெரியும். ஆனால் அடிப்படைச் சட்டத்தில் அப்படி ஒரு குழுவே கிடையாது. எதிர்க்கட்சியும் அறைக்குள் போய்விட்டால் வெளியில் நின்று கேள்வி கேட்பது யார்? பத்திரிகைகளும் அரசு கேட்டுக்கொண்டபடி வாயை மூடிக்கொண்டன. ஆறு வாரம் ஒரு ஜனநாயக நாடு மூடிய அறையிலிருந்து ஆளப்பட்டது. அது எனக்கு உறுத்துகிறது.

இளவேனில்:

உறுத்த வேண்டிய விஷயம்தான் தோழர். தொடர்புத் தடைச் சட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஷ்மிட்டின் சொந்தக் கட்சியிலேயே சிலர் அதை எதிர்த்து வாக்களித்தார்கள்.

ஆனால் வேறு ஒன்றையும் எடைபோட வேண்டும். நாடு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் தலைமை அரசு வழக்கறிஞர் பூபாக்கைச் சுட்டார்கள், ஜூலையில் வங்கித் தலைவர் போண்டோவை வீட்டிலேயே சுட்டார்கள். மரண தண்டனையைத் திரும்பக் கொண்டு வா என்ற குரல் கேட்டது. ஷ்மிட் அந்தப் பக்கம் போகவே இல்லை. தெருவில் இருந்த கோபத்தை அவர் ஓட்டாக மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை.

தனக்கும் அதே அளவுகோலைத்தான் வைத்தார். தான் கடத்தப்பட்டாலும் தன் மனைவி கடத்தப்பட்டாலும் கைதிகளைக் கொடுத்து மீட்கக் கூடாது என்று இருவரும் எழுத்தில் பதிவு செய்து வைத்தார்கள். ஷ்லையரின் உயிரை விலையாகக் கொடுத்தார் என்றால், தன் வீட்டாரின் உயிரையும் அதே தராசில் வைத்த பிறகுதான் கொடுத்தார்.

பொன்னி:

மனைவி என்று சொன்னதும் லோக்கி நினைவுக்கு வருகிறார். பள்ளித் தோழி, 1942-இல் திருமணம். முதல் குழந்தை போர் முடியும் முன்பே சில மாதங்களில் இறந்துவிட்டது. போர்க் கைதியாக இருந்து திரும்பிய கணவன் பொருளாதாரம் படித்து முடிக்கும் வரை, பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டியவர் அவர்தான். செடிகொடிகளில் அவ்வளவு ஈடுபாடு. அழிந்துவரும் தாவரங்களுக்காக ஒரு அறக்கட்டளையே நடத்தினார். ஆண்டுக்கு ஒரு மலரை அறிவித்து மக்களைக் கவனிக்க வைக்கும் வழக்கம் ஜெர்மனியில் அவரால்தான் வந்தது.

ஷ்மிட்டின் இளமையைப் பற்றி யாரும் பேசவில்லையே? 1918 டிசம்பரில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது 14 வயது. அவருடைய அப்பா குஸ்டாவ், ஒரு யூதருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். அது தெரிந்தால் குடும்பமே போயிருக்கும். ஆவணங்களை மறைத்துத்தான் பிழைத்தார்கள். அந்தப் பையன் வளர்ந்து அதே ஹிட்லரின் ராணுவத்தில் அதிகாரியாகி, 1941-இல் கிழக்குப் போர்முனைக்குப் போனார். இந்த முரணை அவரே பல காலம் வெளியில் சொல்லவில்லை. 1980-களில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

செங்கதிர்:

பொன்னி, அதையும் முழுதாகச் சொல்ல வேண்டும். அவருடைய மேலதிகாரிகள் போர்க்காலத்தில் எழுதிய மதிப்பீட்டில் தேசிய சோசலிசக் கொள்கையில் உறுதியாக நிற்பவர் என்ற வகையில் குறிப்பு இருப்பது அவருடைய கடைசி ஆண்டுகளில் வெளிவந்தது. யூதர்களுக்கு நடந்தது தனக்கு அப்போது தெரியாது என்று அவர் கடைசி வரை சொல்லிவந்தார். 1941-இல் கிழக்கில் இருந்த ஒரு அதிகாரி அப்படிச் சொல்வதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பொன்னி:

அந்தக் குறிப்புகளை நானும் வைத்துப் பார்க்கிறேன். அந்த மாதிரி வாசகத்தை மேலதிகாரிகள் பலருக்கும் எழுதினார்கள். குடும்ப ரகசியம் வெளியில் வராமல் பார்த்துக்கொண்ட ஒருவர் பணிவாகவே நடந்திருப்பார் என்றும் வாதிடலாம். ஆனால் 'தெரியாது' என்றதை நானும் முழுதாக ஏற்கவில்லை.

இன்னொரு நாளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1977 நவம்பர் 23. மொகதிஷு முடிந்து ஐந்து வாரம். ஷ்மிட் ஆஷ்விட்ஸுக்குப் போனார். பதவியில் இருக்கும் மேற்கு ஜெர்மன் சான்சலர் ஒருவர் அங்கே போனது அதுதான் முதல் முறை. குற்றம் என்பது யாரோ செய்தது என்று தள்ளிவைக்காமல், இன்றைய ஜெர்மானியர்களும் அதன் அரசியல் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்ற பொருளில் அங்கே பேசினார். அதே ஆண்டு, அதே மனிதர்.

கரிசல்காடு:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். எல்லாரும் 77-இலேயே நிற்கிறீர்கள், அவர் பதவியை இழந்த கதையையும் சொல்லுங்கள். மக்கள் அவரைத் தோற்கடிக்கவில்லைதானே?

கூடல்வாசி:

இல்லை. 1976-இல் கோலை எதிர்த்தும் 1980-இல் ஷ்ட்ராவுஸை எதிர்த்தும் கூட்டணியோடு வென்றார். இரண்டு முறையும் அதிக இடங்களைப் பிடித்த அணி எதிர்த்தரப்புதான். ஷ்மிட்டைக் காப்பாற்றியது கூட்டாளியான சுதந்திர ஜனநாயகக் கட்சி. அதே கட்சிதான் கடைசியில் கைவிட்டது.

காரணம் பணம். இரண்டு எண்ணெய் நெருக்கடி. 1975-இல் வேலையில்லாதவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். 1982-இல் பதினெட்டு லட்சம். செலவைக் குறை, சலுகைகளை வெட்டு என்று பொருளாதார அமைச்சர் லாம்ப்ஸ்டோர்ஃப் செப்டம்பரில் ஒரு அறிக்கை கொடுத்தார். அதை ஷ்மிட்டின் கட்சியான சமூக ஜனநாயகவாதிகள் ஏற்க முடியாது என்பது கொடுத்தவருக்கே தெரியும். செப்டம்பர் 17-இல் சுதந்திர ஜனநாயகக் கட்சியின் அமைச்சர்கள் விலகினார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஜெர்மனியில் ஆட்சியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, அதே வாக்கெடுப்பில் அடுத்த சான்சலரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசுக் காலத்தில் பட்ட பாட்டிலிருந்து வைத்த ஏற்பாடு. கோலுக்குத் தேவை 249, கிடைத்தது 256. இன்றுவரை அந்த முறையில் ஆட்சி மாறியது அந்த ஒரு தடவைதான்.

செங்கதிர்:

கூட்டாளி கைவிட்டது பாதி. அதற்கு முன்பே சொந்தக் கட்சி அவரை விட்டுப் போய்விட்டது. சோவியத் எஸ்எஸ்-20 ஏவுகணைகளுக்கு எதிராக ஐரோப்பாவில் சமநிலை வேண்டும் என்று 1977 அக்டோபரில் லண்டனில் பேசியவர் அவர். 1979 டிசம்பரில் நேட்டோ எடுத்த முடிவு அதிலிருந்து வந்தது: பேச்சுவார்த்தை நடத்துவோம், பலிக்காவிட்டால் அமெரிக்க ஏவுகணைகளை ஐரோப்பாவில் நிறுத்துவோம். 1981 அக்டோபர் 10-இல் பான் நகரில் சுமார் மூன்று லட்சம் பேர் அதை எதிர்த்துத் திரண்டார்கள். அவர் கட்சிக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அணு ஆயுதம் விழுந்தால் முதலில் சாம்பலாகும் நிலம் தங்களுடையது என்ற பயம் அந்த மக்களுக்கு இருந்தது. அந்தப் பயத்தை அவர் மதிக்கவில்லை. அது அவருடைய பெரிய குறை.

இளவேனில்:

அந்தப் பேச்சை அவர் லண்டனில் பேசிய நாளைப் பாருங்கள்: அக்டோபர் 28. ஷ்லையரின் இறுதிச் சடங்கு முடிந்து மூன்று நாள்.

மக்களின் பயத்தை அவர் இன்னும் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதவி போன பிறகும் அவர் பேச்சை மாற்றவில்லை. 1983 நவம்பரில் கொலோனில் நடந்த கட்சி மாநாட்டில் நானூறு பேராளர்களில் அவர் பக்கம் நின்றவர்கள் பதினைந்துக்கும் குறைவு. அவ்வளவு பெரிய அரங்கில் முன்னாள் சான்சலர் எழுந்து நின்று, தன் கட்சி கேட்க விரும்பாததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். 1987-இல் ரீகனும் கோர்பச்சேவும் அந்த வகை ஏவுகணைகளை இரு பக்கமும் அழிக்க ஒப்பந்தம் போட்டார்கள். அது ஷ்மிட்டின் வழியால் வந்ததா, தெருவில் நின்ற மக்களால் வந்ததா என்று ஜெர்மானியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கோர்பச்சேவ் வராமல் இரண்டாலும் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நெய்தல்நிலா:

1983-இலிருந்து 'டி ட்ஸைட்' வார இதழின் வெளியீட்டாளர்களில் ஒருவராக இருந்தார். 2015 நவம்பர் 10-இல் 96 வயதில் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இங்கே லாங்கன்ஹோர்ன் பகுதியில், சாதாரணமான வீடு. உலகத் தலைவர்கள் வந்து போன வீடு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நகரின் விமான நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

இளவேனிலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2013-இல் ஷ்டுட்கார்ட்டில் ஷ்மிட்டுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். பரிசின் பெயர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையர் பரிசு. கார்ல்ஸ்ரூஹேக்குப் போன அதே மகனும் அந்த விழாவில் இருந்தார். ஷ்லையரின் சாவில் தனக்குப் பங்கு உண்டு, அந்தக் குற்றத்தில் சிக்கியவன் நான் என்று ஷ்மிட் 94 வயதில் அந்த மேடையில் சொன்னார்.

கரிசல்காடு:

அந்த மகன் அதை ஏற்றுக்கொண்டாரா?

நெய்தல்நிலா:

அப்பாவைக் கைவிட்ட அரசின் தலைவருக்கு அப்பா பெயரிலேயே பரிசு என்பதை அவர் எதிர்க்கவில்லை, விழாவிலேயே இருந்தார். அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று நாம் சொல்வது முறையாகாது.

செங்கதிர்:

இந்த இழைக்குப் பிறகு என் நிலையை இப்படி வைக்கிறேன். கைதிகளை விட மறுத்ததை இனி நான் எதிர்க்க மாட்டேன். பொன்னி சொன்ன ஸ்டாக்ஹோம் கணக்கு வலுவானது, தன் வீட்டாருக்கும் அதே விதி என்று எழுதி வைத்தவரைக் கோழை என்றோ கல்நெஞ்சர் என்றோ சொல்ல முடியாது. ஆனால் தொடர்புத் தடைச் சட்டம் அந்த ஆறு வாரத்தோடு போகவில்லை. ஜெர்மன் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஷ்லையருக்காகக் குற்ற உணர்வைச் சுமந்த மனிதர், அந்தச் சட்டத்தை விலக்க வேண்டும் என்று தன் நீண்ட முதுமையில் ஒரு இயக்கம் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. அவர்மேல் எனக்குள்ள வழக்கு அதுதான், அதை நான் வாபஸ் வாங்கவில்லை.